இரண்டாம் முறை கேட்டவர்

தேவசகாயம் கல்லூரியில் பல வருடம் இயற்பியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மங்கையர்க்கரசியின் சோதனைக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. தேவசகாயம் ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார். ஆசிரியை அவரை ‘சார்’ என்பார்.

அன்று காலை தேவசகாயத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. முதன்முறையாக ஒரு முழுச் சோதனையை ஆசிரியை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்.

சோதனைக்கு வந்திருந்தது ஒரு மின்பெட்டி. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் தொட்டிலுக்கு மின்சாரம் கொடுப்பது. பர்வீன் என்ற பெண் ஊண் உறக்கம் பார்க்காமல் செய்தது. மலைமேல் ஒரு சிறிய ஆஸ்பத்திரி அதற்காகக் காத்திருந்தது. ஏற்றிப்போக வேன்கூட வாசலுக்கு வந்துவிட்டது.

தேவசகாயம் பெட்டியை அளவுக் கருவியோடு இணைத்து ஓடவிட்டார். கருவி ஓயாமல் அளந்தது. அதில் நிமிடத்துக்கு ஒரு அளவை மட்டும் கணினி வாங்கி வைத்தது. எல்லாம் வரம்புக்குள். அவருக்கு ஆடலாம் போலிருந்தது.

கடைசியாக ஒரு வேலை. கருவிக்குள் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் என்று ஓரிடம் உண்டு. அளவு எப்போதாவது வரம்பு மீறியிருந்தால் அங்கே ஒரு குறி விழுந்திருக்கும். அதைக் கேட்டார்.

எட்டு என்றது.

எட்டு என்றால் வரம்பு மீறியது என்று பொருள். உடனே மறுபடி கேட்டார். பூஜ்யம் என்றது. இன்னொரு முறை கேட்டார். பூஜ்யம்தான். போன உயிர் திரும்பியது. வெளியே ஓடிப்போய், பெட்டி தேறிவிட்டதாகப் பர்வீனிடம் சொன்னார். பர்வீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு ஆசிரியையிடம் வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். எட்டு வந்ததையும் மறைக்கவில்லை. ஏதோ கருவியின் தடுமாற்றம் என்றார்.

மங்கையர்க்கரசி எழுந்தார். “வேனை நிக்கச் சொல்லுங்க சார்.”

பர்வீனும் உள்ளே வர, மூவரும் கருவியின் முன் வந்து நின்றார்கள். ஆசிரியை பெட்டியைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றே வரம்புக்கு மேல் ஒரு கணம் மின்சாரம் கொடுத்து நிறுத்தினார். தேவசகாயத்தைக் கேட்கச் சொன்னார்.

எட்டு.

“இன்னொரு தடவை கேளுங்க.”

பூஜ்யம்.

“கேட்டதும் குறி அழிஞ்சுடுது” என்றார் தேவசகாயம் மெதுவாக.

ஆசிரியை தலையசைத்தார். பெட்டியை மறுபடி இணைத்தார். இம்முறை, வரம்பு மீறிய நொடியே கருவி தானாகக் கூப்பிடும்படி ஆணை கொடுத்தார்.

காத்திருந்தார்கள். சோர்வு போய்ப் பர்வீனின் கண்களில் வேட்டைக்காரக் களை வந்திருந்தது. பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரசர் உறுமிக் கிளம்பியது. விளக்கு ஒரு கணம் மங்கியது.

கருவி கீச்சென்று கத்தியது.

பர்வீன் கைதட்டினாள். தன் பெட்டியின் குறை பிடிபட்டதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியைத் தேவசகாயம் பார்த்ததில்லை. மின்சாரம் தாழ்ந்து மீளும்போது பெட்டி துள்ளுகிறது என்று அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மூடியைக் கழற்றித் தேடினாள். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஒரு கெப்பாசிட்டரின் காலில் சால்டரிங் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. தேவசகாயம் விளக்கைப் பிடிக்க, அவளே புதிதாகப் பற்றவைத்தாள்.

பட்டறைக்காரரிடம் சொல்லிக் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்திப் போடச் செய்தார்கள். ஒவ்வொரு முறை விளக்கு மங்கும்போதும் மூவரும் கருவியையே பார்த்தார்கள். கருவி கூப்பிடவேயில்லை. சோதனையை முதலிலிருந்து ஓடவிட்டார்கள். முடிவில் தேவசகாயம் ரெஜிஸ்டரை ஒரே ஒரு முறை கேட்டார். பூஜ்யம். பொழுது சாய்வதற்குள் வேன் மலையேறக் கிளம்பியது. பர்வீன் முன்சீட்டில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டே போனாள்.

தேவசகாயத்துக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று உறுத்தியது.

“காலையில அது என்கிட்ட பொய் சொல்லிடுச்சே டீச்சர்.”

“இல்லையே சார்.”

“ரெண்டு தடவையும் ஒரே கேள்வியத்தானே கேட்டேன்?”

மங்கையர்க்கரசி கருவியை அணைத்தார்.

“மொதத் தடவை, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கக் கேட்டீங்க. ரெண்டாவது தடவை, ஒண்ணும் நடக்கலைன்னு காதுல விழணும்னு கேட்டீங்க. ரெண்டுக்கும் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு.”