அழுங்கு முகம் மறைத்த கதை

விலங்குகளும் பூச்சிகளும் மனிதரைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அழுங்குக்கு வாய் நிறையப் பல் இருந்தது. உடம்பில் செதில் கிடையாது. முயலுக்கு இருப்பதுபோல மெத்தென்ற தோல்தான். நாவல்பழமும் விளாம்பழமும் தின்று, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் பல் தெரியச் சிரித்துப் பேசிக்கொண்டு காட்டில் திரிந்தது.

ஒரு கோடையில் மூங்கில்கள் உரசிக் காடு பற்றிக்கொண்டது. தப்பி ஓடிய அழுங்கின் முதுகு வெந்துபோயிற்று. முள்ளம்பன்றியின் வளையில் இடம் கேட்டது. "எங்களுக்கே போதவில்லை" என்று முள்ளம்பன்றி திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு கறையான் புற்றின் முன்னால் வந்து விழுந்தது.

"யாரப்பா அது முனகுவது?" என்று உள்ளேயிருந்து தாய்க் கறையான் கேட்டது.

"அழுங்கு, அக்கா. முதுகு எரிகிறது."

"உள்ளே வா தம்பி."

"நான் நுழைகிற அளவுக்கு வாசல் இல்லையே."

"கொஞ்சம் பொறு. இடிக்கச் சொல்கிறேன்."

கறையான்கள் தாங்கள் கட்டிய சுவரைத் தாங்களே இடித்து வழிவிட்டன. ஈர மண்ணை வாயில் குழைத்துக் கொண்டுவந்து, வெந்த முதுகில் ஓடு வேய்வதுபோல அடுக்கடுக்காக அப்பின. மண் காய்ந்து செதிலாக இறுகியது. எரிச்சல் அடங்கியது. வெளியே ஒரு பழம்கூட மிஞ்சவில்லை என்பதால், தங்கள் குஞ்சுகளுக்கென்று வளர்த்த காளானிலும் அழுங்குக்குப் பங்கு கொடுத்தன.

மழை பெய்தது. காடு துளிர்த்துக் காய்த்தது.

"நாவல் பழுத்துவிட்டதாம் தம்பி. இனி நீ வெளியே போகலாமே" என்றது தாய்க் கறையான்.

"முதுகு இன்னும் வலிக்கிறது அக்கா" என்றது அழுங்கு.

வலி எப்போதோ போய்விட்டது. ஒருநாள் காளானோடு ஒட்டிக்கொண்டு வந்த முட்டை ஒன்று அதன் நாக்கில் பட்டிருந்தது. அந்த ருசி அதை விடவில்லை. கறையான்கள் வேலைக்குப் போன சமயம் பார்த்து, பக்கத்து அறைக்குள் நாக்கை நீட்டி முட்டைகளை நக்கியெடுக்கத் தொடங்கியிருந்தது. இதோடு சரி என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ளும்.

சில நாளில் தாய்க் கறையான் அதைக் கூப்பிட்டது. "தம்பி, முட்டைகள் குறைகின்றன. யாராவது உள்ளே வருவதைப் பார்த்தாயா?"

அழுங்கு சொன்னது: "பாம்பாக இருக்கும் அக்கா. நான் காவல் இருக்கிறேன்."

கறையான்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த முட்டைகளையெல்லாம் சுமந்துவந்து, அழுங்கின் வயிற்றோரம், கதகதப்பான இடத்தில் அடுக்கிவிட்டுப் போயின.

திரும்பி வந்தபோது அங்கே ஒரு முட்டைகூட இல்லை.

"பாம்பு வந்ததா?" என்று தாய்க் கறையான் கேட்டது.

அழுங்கு தலையை மட்டும் ஆட்டியது.

"வாய் திறந்து சொல் தம்பி."

வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் அப்பியிருந்த வெள்ளை தெரிந்துவிடும். அழுங்கு வாயை இறுக்கிக்கொண்டது. தாய்க் கறையானுக்குப் புரிந்துபோயிற்று. அது கத்தவில்லை.

"உன் முதுகுக்கு மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் அவை" என்றது.

அழுங்கால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை வயிற்றுக்குள் புதைத்து, வாலை மேலே சுற்றி, உருண்டையாகச் சுருண்டுகொண்டது. கறையான்கள் தாயைச் சுமந்துகொண்டு அந்தப் புற்றை விட்டே போய்விட்டன. அவை போன பிறகும் அது நிமிரவில்லை. வாய் திறக்காமலே கிடந்ததில் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பசி பொறுக்காமல் எழுந்து நாவல் மரத்தடிக்குப் போனபோது பழத்தைக் கடிக்க முடியவில்லை. நாக்கு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்த நாக்கோடு அது மறுபடியும் கறையான் புற்றுகளையும் எறும்புப் புற்றுகளையும் தேடித்தான் போக வேண்டியிருந்தது, யார் கண்ணிலும் படாமல் இருட்டிய பிறகு.

அழுங்கு என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் காடு நிறுத்திக்கொண்டது. அந்த நாள் தொட்டுத்தான் அதற்கு எறும்புத்தின்னி என்று பெயர். இன்றைக்கும் நம் காலடிச் சத்தம் கேட்டால் அது முகத்தை மறைத்துச் சுருண்டுகொள்கிறது; நாம் அதைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறோம்.