துரை எழுந்த நாற்காலி

கோடை முழுக்க ஆற்றோரம் மேய்த்துவிட்டு, மழை விழுந்ததும் நானூறு ஆடுகளோடும் சொந்தபந்தத்தோடும் தங்கள் மேய்ச்சல் காட்டுக்குத் திரும்பினாள் வெள்ளத்தாயி. வந்து பார்த்தால், காட்டின் நட்டநடுவில் ஒரு கொடி பறக்கிறது! அதன் கீழே நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை, கூடவே நாலைந்து சிப்பாய்கள்!

"நாங்க வந்தப்ப இங்க ஆளில்லை. ஆளில்லாத இடம் கொடி நட்டவனுக்குத்தான் சொந்தம்," என்றான், தமிழ் படித்த அந்தத் துரை.

"வருசா வருசம் மழைக்கு வர்றோமே, சாமி!"

"அப்படின்னா வீடு எங்கே? சுவர் எங்கே? பொழுது சாயறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா ஆடெல்லாம் பறிமுதல்!"

அந்நேரம் பார்த்துத் தலைக்கு மேலே கொக்குக் கூட்டம். துரை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு ஓடினான். டுமீல்! ஒன்றும் விழவில்லை. திரும்பினால், நாற்காலியில் கம்பளியை விரித்துக் கால்மேல் கால் போட்டிருக்கிறாள் வெள்ளத்தாயி!

"ஏய், எழுந்திரு! அது என் நாற்காலி!"

"ஆளில்லாம கிடந்துச்சு, சாமி. நீங்க கொடி நட்டீங்க, நான் கம்பளி போட்டேன்."

"இப்பத்தானே எழுந்து போனேன்! திரும்பி வரமாட்டேனா?" என்று அலறினான் துரை.

வெள்ளத்தாயி நிதானமாக எழுந்தாள்.

"அதைத்தானே சாமி நாங்களும் சொல்றோம். எந்திரிச்சுப் போனோம். திரும்பி வந்துட்டோம்."

கூட நின்ற சிப்பாய்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துரையின் சிவந்த மூஞ்சி இன்னும் சிவந்தது. கொடியைச் சுருட்டி, நாற்காலியைத் தூக்கச் சொல்லி, விறுவிறுவென்று நடையைக் கட்டினான். அவசரத்தில் கொடிக்கம்பத்தை மறந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அந்தக் கம்பத்தில் கட்டிக்கிடந்தது வெள்ளத்தாயியின் முரட்டுக் கிடா.