ஆமையின் அடிவயிறு

காலாப்பட்டில் ரோஸ்லின் ஒரு சுடுமண் சிற்பக்கூடம் நடத்திவந்தாள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் கலியபெருமாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் வயதுப் பெண்ணை வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் "செஞ்ச தப்பை ஒத்துக்கோடா" என்று பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்த மனுஷன். அவருக்கே இப்படி ஒரு கதி வந்தது பாருங்கள்.

ரோஸ்லின் எல்லாரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வாள். "உள்ளே காலியா விட்டு மூடினா, அடியில ஊசியால ஒரு ஓட்டை போடுங்க. ஆவி வெளியே போகணும். இல்லேன்னா சூளையில வெடிச்சிரும்."

கலியபெருமாள் உள்ளே காலியாக விட்டு ஓர் ஆமை செய்தார். அதன் அடிவயிறு முழுக்கத் தன் பெயரை அழகாகச் செதுக்கினார். ஊசியைக் கையில் எடுத்தவருக்கு மனசு வரவில்லை. எங்கே குத்தினாலும் ஏதாவது ஓர் எழுத்து கெட்டுப்போகும். ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டார்.

சூளைக்குள் அந்த ஆமைக்குக் கிடைத்த இடம் ரோஸ்லினின் சிலைக்குப் பக்கத்தில். முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். டில்லிக் கண்காட்சிக்காக மழைக்காலம் முழுக்க அவள் செய்தது.

மறுநாள் சூளையைத் திறந்தால் இரண்டும் சில்லு சில்லாகக் கிடந்தன. ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அப்போதுதான் கலியபெருமாள் கவனித்தார். ஆமையின் அடிவயிறு மட்டும் உடையவில்லை. பெயர் முழுசாக இருந்தது. சட்டென்று எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சூடு ஆறாத ஓடு தொடையைச் சுட்டது.

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னோடதுதான் சார் வெடிச்சிருக்கு. இடுப்புப் பக்கம் மண்ணைத் தடிமனா விட்டுட்டேன் போல. உங்க ஆமையையும் சேர்த்து உடைச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவாயில்ல டீச்சர்" என்றார் அவர்.

சே, என்ன மனுஷன்! வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

ரோஸ்லின் அந்தப் பெண்ணைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தாள். இடுப்பு வரைக்கும் வருவாள். கை நின்றுவிடும். தட்டிப் பார்ப்பாள், சுரண்டுவாள், பிறகு மொத்தத்தையும் அமுக்கி வாளியில் போடுவாள். ஒரு நாள் சாயங்காலம் சொன்னாள்:

"என் கை மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு சார். நாளைக்கு டில்லிக்குப் போன் பண்ணி வரலேன்னு சொல்லிடப் போறேன்."

மறுநாள் காலை கலியபெருமாள் முதல் ஆளாக வந்து, பெயர் செதுக்கிய அந்த ஓட்டுத் துண்டை அவள் மேசைமேல் வைத்தார்.

ரோஸ்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊசி குத்தின இடம் எங்கே சார்?"

"குத்தலை டீச்சர். பேர் கெட்டுப்போகுமேன்னு..."

"இது எங்கே இருந்துச்சு?"

"என் பாக்கெட்டுல."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "அப்போ நீ தப்பு பண்ணலை" என்று கையிடமே சொன்னாள். பிறகு வாளியிலிருந்து மண்ணை அள்ளிப் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் இடுப்பு எழும்பிவிட்டது. கை நிற்கவில்லை. கலியபெருமாள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்னை மன்னிச்சிருவீங்களா டீச்சர்?"

அவள் நிமிராமலே சொன்னாள்.

"நான் மன்னிப்புக் கேட்டதும் நீங்க பரவாயில்லைன்னீங்க. உடைச்சவருக்கு அது சட்டுனு வந்துருச்சு. உடைபட்டவளுக்குக் கொஞ்ச நாளாகும் சார். அதுவரைக்கும் வந்துக்கிட்டு இருங்க."