அமைச்சர் வாங்கிய அறை

முன்னொரு காலத்தில், அடைமழையில் ஒரு நாட்டின் பெரிய ஏரி கரை உடைந்தது. உழவரும் குயவரும் படைவீரரும் கழுத்தளவு தண்ணீரில் கைகோத்து நின்று வெள்ளத்தைத் தடுக்க, பெண்கள் கூடை கூடையாக மண் கொட்ட, பொழுது சாய்வதற்குள் உடைப்பை அடைத்துவிட்டார்கள். அரசவை விகடன் சாத்தையனும் அந்த வரிசையில் நின்றான். அரசன் கடம்பமாறன் யானைமேல் குடைக்கடியில் அமர்ந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அரசனுக்கு ஓர் ஆசை வந்தது. ஏரியைக் காத்தவன் என்று கரையில் தன் பெயரை மட்டும் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். தலைமை அமைச்சர் மழவராயர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "ஏரி மட்டும் எதற்கு அரசே? இந்நாட்டில் எவர் கை எதைச் செய்தாலும் செய்தவர் மன்னரே என்று ஆணையிட்டுவிடலாம்" என்றார்.

அரசன் பூரித்துப்போய் அப்படியே ஆணையிட்டான். சபை கைதட்டியது. சாத்தையன் மட்டும் சும்மா இருந்தான். அரசன் அவனிடம் காட்டும் அன்பைப் பொறுக்காத மழவராயர், இவன் ஆணையை நம்பவில்லை என்று எடுத்துக் கொடுத்தார். அரசனுக்குச் சினம் தலைக்கேறியது. மறுநாள் சபையில் அந்த ஆணை உண்மை என்று சாத்தையன் மெய்ப்பிக்க வேண்டும், இல்லையென்றால் தலை போகும் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. சாத்தையன் வந்தான். அரசனை வணங்கினான். நேரே மழவராயரிடம் போய், அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

வெற்றிலை மென்ற வாய்கள் பாதியில் நின்றன. சாமரம் வீசியவள் கையிலிருந்து சாமரம் நழுவி விழுந்தது.

சாத்தையன் அரசன் பக்கம் திரும்பினான். "மன்னா, வயதில் மூத்தவரைத் தாங்கள் இப்படி அடிக்கலாமா?"

"நானா?" என்றான் அரசன்.

"கைதான் என்னுடையது. செய்தவர் தாங்கள். ஆணை அப்படித்தானே சொல்கிறது?"

காவலன் ஒருவன் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். சாத்தையன் நகரவில்லை. "அடித்தவர் மன்னர். நீ யார்மேல் வாளை ஓங்குகிறாய்?" என்றான். காவலன் வாளை உறையில் போட்டான்.

அடித்தது யார் என்று அரசன் அமைச்சரையே கேட்டான். சாத்தையன் என்றால் ஆணை பொய்யாகிவிடும். மன்னர் என்றால் வாங்கிய அடிக்கு நியாயமே கிடைக்காது. மழவராயர் கன்னத்தைப் பிடித்தபடி, "தாங்கள்தான்... இல்லை, இவன்தான்..." என்று விழித்தார்.

சாத்தையன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அன்று தண்ணீரில் என் பக்கத்தில் நின்ற குயவன் கையை விட்டிருந்தால் நானும் போயிருப்பேன், தங்கள் யானையும் போயிருக்கும். அந்தக் கையைத் தங்கள் கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அரசே."

அரசன் மண் படாத தன் உள்ளங்கைகளை நெடுநேரம் பார்த்தான். பிறகு அமைச்சரின் சிவந்த கன்னம் கண்ணில் பட, அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தான். ஆணையை அப்போதே நீக்கினான். கரையை அடைத்த ஊர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டச் சொன்னான், தன் பெயர் வேண்டாம் என்றான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டான்.

மழவராயர் மெல்ல முன்னால் வந்தார். ஆணைதான் நீங்கிவிட்டதே, இனி அடித்தவன் சாத்தையன்தானே, அவனைத் தண்டிக்க வேண்டும் என்று முறையிட்டார்.

"அடி விழுந்த நேரத்தில் ஆணை நடப்பில் இருந்தது, மழவராயரே" என்றான் அரசன். "அந்த ஓர் அறையை மட்டும் நான் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளும்."