வாய் நிறையத் தண்ணீர்

"ராத்திரி தூக்கமே வரல டீச்சர்," என்றார் இன்னாசிமுத்து.

சபுரா டீச்சர் என்னவென்று கேட்டார்.

இன்னாசிமுத்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் அவருடைய பிள்ளைகள் பட்டுப் பட்டென்று பதில் சொல்கிறார்கள். அதே பிள்ளைகள், பரீட்சைத் தாளில் ஓர் எண் மாறிவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அதிலும் நாகஜோதி. வகுப்பிலேயே பெரிய குரல் அவளுடையதுதான். அரையாண்டில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். பொதுத்தேர்விலும் தவறினால் நூல் மில்லுக்கு அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். மில் வேன் இப்போதே அவள் தெருவுக்கு வந்து போகிறது.

"அவகிட்ட என்ன குறைன்னு எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்."

சபுரா பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்ப்பவர், இன்னாசிமுத்துவைவிட வயதில் மிகவும் இளையவர். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் புதுக் கணக்கைக் கண்டு மிரளுவதில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. சின்னவரிடம் போய் நிற்பதா என்று இன்னாசிமுத்து யோசிக்காமல் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு சபுரா வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

இன்னாசிமுத்து வழக்கம்போல நடத்தினார்.

"ஏழெட்டு ஐம்பத்..." என்று இழுத்தார்.

"தாறு," என்று வகுப்பு முடித்தது.

"அந்தப் பக்கம் கொண்டுபோனா கழித்தல், கூட்ட..."

"லாகும்."

கூரை அதிர்ந்தது. எல்லோருக்கும் முந்திக்கொண்டு நாகஜோதியின் குரல். இன்னாசிமுத்துவுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் கண் அடிக்கடி கடைசி பெஞ்சுக்குப் போய் வந்தது.

சபுரா எழுந்து முன்னால் வந்தார். நாகஜோதியைக் கரும்பலகைப் பக்கம் வந்து நிற்கச் சொன்னார்.

"ஏழரை எட்டு எவ்வளவு?"

ஏழரை என்றதும் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. நாகஜோதி சிரிக்கவில்லை. தன் சாரின் முகத்தைப் பார்த்தாள்.

இன்னாசிமுத்துவுக்கு அது தாங்கவில்லை.

"அறு..." என்றார்.

"பது," என்றாள் நாகஜோதி.

ஏன் அறுபது என்று சபுரா கேட்டார். அவள் மறுபடியும் சாரின் முகத்தைப் பார்த்தாள்.

சபுரா மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இன்னாசிமுத்துவிடம் நீட்டினார்.

"ஒரு வாய் குடிங்க சார். முழுங்காம வச்சிருங்க."

விளையாட்டு என்று நினைத்தார். சபுராவின் முகத்தில் விளையாட்டு இல்லை. சொந்தப் பிள்ளைகள் முன்னால் இது என்ன மானக்கேடு என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. நாகஜோதியைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீரை ஊற்றி அடக்கிக்கொண்டார்.

"எட்டரை ஆறு?" என்றார் சபுரா.

நாகஜோதி சாரைப் பார்த்தாள். உப்பிய கன்னம். அவர் புருவத்தில் தேடினாள். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"எட்டாறு நாப்பத்தெட்டு," என்றாள் மெல்ல. "அப்போ... நாப்பத்தெட்டரை."

தப்பு. இன்னாசிமுத்துவுக்குச் சரியான விடை தொண்டை வரை வந்துவிட்டது. தண்ணீர் குறுக்கே நின்றது. போச்சு, இவளை நாமே மில்லுக்கு அனுப்புகிறோம் என்று மனது அடித்துக்கொண்டது.

சபுராவும் வாயைத் திறக்கவில்லை.

நாகஜோதி சாக்பீஸை எடுத்தாள். ஆறு கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எட்டு எழுதினாள். ஒவ்வொரு எட்டுக்குப் பக்கத்திலும் ஓர் அரை. எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அரை ஒண்ணு இல்ல சார்," என்றாள். "ஆறு அரை இருக்கு. அது மூணு. ஐம்பத்தொண்ணு."

பிறகு திரும்பினாள்.

"சரியா சார்?"

சபுரா இன்னாசிமுத்துவைப் பார்த்து, விழுங்கலாம் என்று தலையசைத்தார்.

அவர் விழுங்கவில்லை.

நாகஜோதி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி கரும்பலகைக்குத் திரும்பி, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"சரிதான்," என்றாள்.