வானம் பார்த்த சாணி வண்டு

மேகம் மலையில் இறங்கி உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேல்மலைப் புல்வெளியில் ஒரு சாணி வண்டு இருந்தான். உடம்பு முழுக்க அடுப்புக்கரி நிறம். பெற்றவர்கள் வைத்த பெயர் வெள்ளையன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

வெள்ளையனுக்கு வானப் பைத்தியம். வண்டாய்ப் பிறந்தவன் காட்டுமாட்டுச் சாணியைப் பார்த்தோமா, உருட்டினோமா, புதைத்தோமா என்று இருக்க வேண்டும். இவன் அண்ணாந்தே திரிந்தான். இவனுக்குத் தோதாக இரண்டு பேர் வாய்த்தார்கள். ஒருவர் பக்கி, பொழுது சாய்ந்ததும் தரையிலிருந்து எழும்பிப் பூச்சி பிடிக்கும் பறவை. இன்னொருவன் ஓடைத் தவளை. இரண்டு பேருமே வண்டு தின்கிறவர்கள்தான். ஆனால் மூவரும் கூடும் தட்டைப் பாறையில் ஒரு வழக்கம் இருந்தது. வானம் பார்க்க வந்தவனை வானம் பார்க்க வந்தவன் தின்னக் கூடாது. பசி எவ்வளவு இருந்தாலும் அதை யாரும் மீறியதில்லை.

அந்த நாளில் மார்கழி பிறந்தால் போதும், மேகம் சாயங்காலமே வந்து புல்வெளி மேல் படுத்துவிடும். விடிந்த பிறகுதான் எழும்பும். குளிர் இருக்கும், நடுக்கம் இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. வானம்தான் தெரியாது. எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் உண்டு. அந்த ஓட்டைக்காக மூவரும் பாறையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"வானம் எப்படி?" என்பார் பக்கி.

"எங்கண்ணே. வடக்க ஒரு ஓட்டை தெரிஞ்சுச்சு. கண்ணைத் தொடைக்கிறதுக்குள்ள மூடிருச்சு," என்பான் தவளை.

"நேத்து எனக்கு முட்டைக்கூட்டம் ஆம்பிட்டுச்சு. ஆறு எண்ணுனேன்."

கார்த்திகை நட்சத்திரத்துக்குத் தவளை வைத்த பெயர் முட்டைக்கூட்டம்.

"ஏழுண்ணே."

"ஆறுதான்டா. நான் பறந்து போயிப் பக்கத்துல பாத்தவன்."

"ஒரு மரத்து உசரம் போயிட்டு வந்து பக்கத்துலயாம்."

வெள்ளையன் இதில் வாய் கொடுக்க மாட்டான். அவன் பார்க்க நினைத்தது வேறு. பால்வீதிக்கு வண்டுகளிடம் பெருந்தடம் என்று பெயர். முதல் வண்டு முதல் உருண்டையை உருட்டிப் போன தடம் அது என்பார்கள். மழைக்காலத்தில் பிறந்த வெள்ளையன் அதைக் கேள்விப்பட்டதோடு சரி. வண்டின் ஆயுசுக்கு இன்னொரு மார்கழி கிடைக்குமா என்பது சந்தேகம். பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவன் மனைவி அங்காயி முட்டை இட்டாள். ஒரே முட்டை. அதைச் சாணி உருண்டைக்குள் வைத்து மூடி, நாள் முழுக்கத் தட்டித் தட்டி வழவழப்பாக்கினாள். உருண்டை செய்வது தாயின் வேலை, குழி தோண்டிப் புதைப்பது தகப்பன் வேலை. மண்ணுக்குள் போனால்தான் குஞ்சு பிழைக்கும். மார்கழி மண் இறுகிக் கிடந்ததால் மூன்று நாளாகத் தோண்டியும் குழி முக்கால்தான் இறங்கியிருந்தது.

"ஏங்க, உள்ள பொரளுது," என்றாள் அங்காயி, உருண்டையில் காதை வைத்தபடி. "இன்னைக்கு எப்படியாவது முடிச்சிருங்க. எனக்குக் காலு ரெண்டும் ஓஞ்சு போச்சு."

"முடிச்சிர்றேன். கொஞ்சம் பொறு."

பொறு என்று சொல்லிவிட்டு அவன் போனது மேகத்திடம். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது அறிவையும் அறியாது. மேகம் அப்போதுதான் புல்வெளி ஓரத்தில் வந்து படுக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு ராத்திரி விலகி இரு. ஒரே ஒரு ராத்திரி. நான் பெருந்தடத்தைப் பாக்கணும்."

மேகம் நிதானமாகக் கேட்டது. "நான் வானத்தை மறைக்கத்தான் இங்க படுக்கிறேன்னு நெனைக்கிறியா?"

"வேற எதுக்கு?"

"நான் படுக்காத மலைங்களும் இருக்கு. அங்க விடியக்காலையில புல்லெல்லாம் வெளுத்துக் கெடக்கும்னு காத்து வந்து சொல்லும். ஏன்னு எனக்கும் தெரியாது. நான் இருக்கிற எடத்துல அதை நான் பாத்ததில்ல."

"புல்லு வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது."

"ஒண்ணு தெரிஞ்சுக்க. ஒருதரம் எழுந்தேன்னா காத்து இழுத்த பக்கம்தான் போவேன். நீ கூப்பிட்டாலும் வர முடியாது."

"கூப்பிட மாட்டேன். நீ கெளம்பு," என்றான் வெள்ளையன்.

மேகம் கிளம்பிவிட்டது. அவ்வளவு பெரியது அவ்வளவு சீக்கிரம் போகும் என்று அவன் நினைக்கவில்லை. இருட்டியபோது மலைக்கு மேலே ஒரு பொட்டு மறைப்பு இல்லை. பாறையிலிருந்து பக்கியும் தவளையும் போட்ட சத்தம் புல்வெளி முழுக்கக் கேட்டது. ஆறா ஏழா என்ற சண்டைகூட நின்றுபோய்விட்டது. எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் யார் எண்ணுவார்கள்?

வெள்ளையன் குழிக்குத் திரும்பினான். தோண்டத்தான் வந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சுற்றிலும் புல் உயரமாய் நின்று தெற்கு வானத்தை மறைத்தது. அங்கே ஏறி நின்று பார்க்கத் தக்கதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் உருண்டைமேல் ஏறினான்.

பெருந்தடம் அங்கே கிடந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அவன் அழுதுவிட்டான். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். போதவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"ஏங்க, குழி," என்றாள் அங்காயி.

"இதோ."

கொஞ்ச நேரம் கழித்து, "காத்து வேற மாதிரி இருக்குங்க. இப்படி ஒரு குளிர நான் பாத்ததில்ல," என்றாள்.

"இதோ வந்துட்டேன்."

அவள் தானே குழியில் இறங்கித் தோண்டினாள். ஓய்ந்த கால்கள் இரண்டு பிடி மண்ணுக்கு மேல் வரவில்லை. பாறையில் தவளை, கால் மரத்துப்போகிறது என்று சொல்லி ஓடைச் சேற்றுக்குள் இறங்கினான். பக்கி மலையடிவாரக் காட்டைப் பார்த்துப் பறந்தார். போகும்போது, "வெள்ளையா, எறங்குடா, இது நல்லதுக்கில்ல," என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போனார். வெள்ளையன் காதில் விழுந்தது. இன்னும் ஒரு சுற்று, என்று நினைத்தான். அந்த ஒரு சுற்று விடியும் வரை முடியவில்லை.

விடிந்தபோது புல் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு தாளிலும் உப்புத் தூவினதுபோல உறைபனி. வெள்ளையன் இறங்கி உருண்டையைத் தள்ளினான். அது கல்லாய் இருந்தது.

அங்காயி தவழ்ந்து வந்து காதை வைத்தாள். இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். அப்புறம் காதை எடுத்துவிட்டாள்.

"பொரளல," என்றாள்.

அவள் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிட அவனுக்கு ஆசைதான். வாய் வரவில்லை. "இருந்துச்சு," என்றான்.

வெள்ளையன் மலை விளிம்புக்கு ஓடி மேகத்தைக் கூப்பிட்டான். தொண்டை வற்றும்வரை கூப்பிட்டான். அது எங்கோ ஏழு மலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திரும்பி வந்து, வெயில் ஏறி மண் இளகியபின், மிச்சக் குழியைத் தோண்டி முடித்தான். முந்தின ராத்திரி மேலே ஏறாமல் தோண்டியிருந்தால் முடித்திருக்கக்கூடிய வேலை. பிழைக்கப் புதைக்க வேண்டிய பிள்ளையைச் செத்தபின் புதைத்தான்.

தை கடைசியில் அங்காயி இன்னொரு முட்டை இட்டாள். இனி வானத்தைப் பார்ப்பதில்லை என்று வெள்ளையன் சபதம் செய்தான். முகத்தைத் தரையில் கவிழ்த்தான், பின்னங்கால்களை உருண்டையில் ஊன்றினான், பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். இந்த இடமே வேண்டாம், வேறெங்காவது புதைத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். ஆனால் அண்ணாந்தே திரிந்தவனுக்குத் தரையில் திசை தெரியவில்லை. வெகுநேரம் தள்ளிவிட்டு நின்று பார்த்தால், பிள்ளையைப் புதைத்த அதே இடம். மறுபடி தள்ளினான். மறுபடி அதே இடம். மூன்றாம் முறையும் அங்கேயே வந்து நின்றபோது இருட்டிவிட்டது. வானத்தில் மேகம் இல்லை. காற்றில் அந்தக் குளிர் இறங்கத் தொடங்கியது.

வெள்ளையன் உருண்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு வழி தெரியல அங்காயி. மேல பாத்தாத்தான் தெரியும். பாக்கப் பயமா இருக்கு."

கூடவே வந்த அங்காயி உருண்டையில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏறிப் பாருங்க. ஒரு சுத்து. ரெண்டாவது சுத்துச் சுத்துனா நான் உங்க பொண்டாட்டி இல்ல."

அவன் ஏறினான். பெருந்தடம் அன்று போலவே கிடந்தது, ஒரு துளி அழகு குறையாமல். ஒரு பிள்ளையைத் தின்ற அடையாளம் அதில் எங்கும் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரே சுற்றில் திசையைக் குறித்துக்கொண்டு இறங்கினான், தலையைக் கவிழ்த்தான், நேர்கோட்டில் ஓடினான். பனி விழுமுன் உருண்டை மண்ணுக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளை பிழைத்தது. அதனால் முதல் பிள்ளை திரும்பி வந்துவிடவில்லை. தூங்கப் போகுமுன் அங்காயி அந்தப் பழைய குழிமேட்டில் காதை வைத்துக் கேட்பதைச் சாகும்வரை விடவும் இல்லை.

மேகமில்லாத இரவுகளில் மேல்மலையில் உறைபனி விழுவது அந்த மார்கழியிலிருந்துதான். சாணி வண்டு உருண்டைமேல் ஏறி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்துவிட்டு, யாரோ விரட்டுவதுபோல் இறங்கி, தலையைத் தரைக்குக் கொடுத்துப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடுவதும் அன்று முதல்தான்.