ராஜா கண்மூடி ரசித்த கதை

ஆவுடைக்கோட்டை ராஜா வீரமார்த்தாண்ட பூபதிக்குக் கதை என்றால் உயிர். தூக்கம் என்றாலும் உயிர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் தூக்கம்தான் ஜெயிக்கும். ஆனால் “ராஜா தூங்கினார்” என்று அங்கே யாரும் வாய் திறக்கக்கூடாது. “கண்மூடி ரசித்தார்” என்றுதான் சொல்ல வேண்டும். அது அரண்மனை வழக்கம்.

ஒருநாள் விருந்து முடிந்ததும் ஒரு கிறிஸ்தவ உபதேசியார் வந்து வேதக்கதை சொன்னார். மோசே என்ற தலைவர் குன்றின்மேல் நின்று கைகளை உயர்த்தினாராம். கை உயர்ந்திருக்கும்வரை கீழே போர்க்களத்தில் அவருடைய ஜனங்கள் வென்றார்களாம். இதுவரை ராஜா கேட்டார். மீதியைக் கண்மூடி ரசித்தார். குறட்டைவிட்டே ரசித்தார். கண் விழித்தபோது உபதேசியார் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

“ஒரே ஆள், இரண்டே கை, வெற்றி! அப்படியிருக்க எனக்கு எதற்கு எடுபிடிகள்? குடை பிடிக்கும் இருளப்பனையும் வெற்றிலைப்பெட்டி சுமக்கும் பொன்னுரங்கத்தையும் வீட்டுக்கு அனுப்புங்கள்” என்றார் ராஜா.

அரண்மனைச் சோற்றை நம்பித்தான் அந்த இருவரின் பிள்ளைகுட்டிகள் இருந்தன. விகடகவி எல்லப்பனிடம் ஓடினார்கள்.

“அண்ணே, கதையோட மிச்சத்தை நீங்களாவது ராஜாகிட்ட சொல்லக்கூடாதா?”

“சொன்னா, அவர் தூங்கினார்னு சொன்ன மாதிரி ஆகும். அப்புறம் என் தலை என்கிட்ட இருக்காது. பொறுங்க, வேற வழி பார்க்கலாம்.”

எல்லப்பன் ராஜாவிடம் போய்க் கும்பிட்டான்.

“அருமையான முடிவு மகாராஜா. நாளைக்குப் பக்கத்துச் சீமைக்காரர்களோடு வடமிழுக்கும் போட்டி. அதிலேயே சோதித்துப் பார்த்துவிடலாமே? தாங்கள் பாறைமேல் தனியாக நின்று கை உயர்த்தி ஜெயித்தால் இருவரும் வீட்டுக்கு.”

“தோற்றால்?”

“அவர்கள் வேலை அவர்களுக்கே.”

“சரி. எவனும் என் பக்கத்தில் வரக்கூடாது!”

வடமிழுப்பதில் அந்த ஊருக்கு ஒரு முறை உண்டு. ராஜாவின் கைகள் உயர்ந்திருக்கும்வரை முரசு அதிரும். கை இறங்கினால் முரசு நின்றுவிடும். முரசு நின்றால் ராஜாவின் ஆட்கள் இழுக்கும் வேகமும் படுத்துவிடும்.

மறுநாள் காலை ராஜா பாறைமேல் ஏறிக் கைகளை உயர்த்தினார். முரசு முழங்கியது. வடம் நம் பக்கம் சரசரவென்று வந்தது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரம்தான். கைக்கு ஒன்றாகப் பூசணிக்காய் கனத்தில் தங்கக்காப்பு போட்டிருந்தார். தோள் நடுங்கியது. கை தொப்பென்று விழுந்தது. முரசு நின்றது. வடம் அந்தப் பக்கம் ஓடியது. ராஜா பல்லைக் கடித்துத் தூக்கினார். மறுபடியும் விழுந்தது. நம் ஆட்கள் கோட்டருகே வழுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“யாராவது என் கையைப் பிடியுங்களேன்டா!”

ஒருவரும் அசையவில்லை.

“பக்கத்தில் வரக்கூடாது என்பது அரச கட்டளை மகாராஜா” என்றான் எல்லப்பன் பணிவாக.

“கட்டளையும் ஆச்சு, கத்தரிக்காயும் ஆச்சு! மானம் போகுது, வாங்கடா!”

இருளப்பன் பாய்ந்துபோய் வலக்கையைத் தாங்கினான். பொன்னுரங்கம் இடக்கையைத் தாங்கினான். எல்லப்பன் ஒரு கல்லை உருட்டிவந்து ராஜாவை உட்காரவைத்தான். முரசு நிற்காமல் முழங்கியது. வடம் திரும்பியது. எதிராளிகள் குப்புற விழுந்தார்கள்.

ராஜா குதூகலத்தில் குழந்தையாகிவிட்டார். “எல்லப்பா, இந்த உபாயம் எங்கே கிடைத்தது?”

“உபதேசியார் சொன்னதுதான் மகாராஜா. மோசேக்கும் கை தளர்ந்ததாம். கல்லைப் போட்டு உட்காரவைத்து, அவர் அண்ணன் ஆரோன் ஒரு பக்கம், இன்னொருவர் ஒரு பக்கம் நின்று, பொழுது சாயும்வரை கைகளைத் தாங்கினார்களாம். அதனால்தான் வெற்றி. தாங்கள் கண்மூடி ரசித்த பகுதி அது.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காப்புகளைக் கழற்றிப் பரிசு தரப் பார்த்தார். விறைத்துப்போன கை மடங்கவே இல்லை.

“பரிசு கொடுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறதே! நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள். வலக்காப்பு இருளப்பனுக்கு. இடக்காப்பு பொன்னுரங்கத்துக்கு. வேலையும் உங்களுக்கே. எல்லப்பா, உனக்கு என்னடா வேண்டும்?”

“அடுத்த கதையை மகாராஜா கண்ணைத் திறந்து ரசித்தால் போதும்.”